கேப்பாசிட்டர் கூடிப்போனா என்ன ஆகும்? பவர் ஃபேக்டர் ஓவர் கரெக்‌ஷன் முழு வழிகாட்டி

சீனப் புத்தாண்டு லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்பின காலையில, சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு ஃபேக்டரி ஸ்விட்ச்ரூம் கதவைத் தொறந்தா உள்ள கருகின வாடை. கேப்பாசிட்டர் பேனல்ல நாலு டப்பா உப்பிப்போய் மூடி மேல எழும்பி நிக்குது, ரெண்டு ஃபியூஸ் போயிருக்கு, யூபிஎஸ்ஸ பார்த்தா லீவு நாள் பூரா அலாரம் அடிச்சு அடிச்சு அதோட லாக்கே நிறைஞ்சு கிடக்கு. இத்தனைக்கும் அந்த நாலு நாளும் ஒரு மெஷின்கூட ஓடல. "லோடே இல்லாதப்ப கேப்பாசிட்டர் எப்படிடா வேகும்"னு சூப்பர்வைசர் அண்ணன் கேட்டார், எனக்கு அப்ப பதில் தெரியல.

கொஞ்ச நேரம் கழிச்சுதான் புரிஞ்சுது. லீவுக்கு முந்தின வாரம் பேங்க் செக் பண்ண சொன்னாங்க, தேவைக்கேத்த மாதிரி கேப்பாசிட்டரை ஸ்டெப் ஸ்டெப்பா ஏத்தி இறக்குற ரிலேய மேனுவல்ல போட்டு எட்டு ஸ்டெப்பையும் ஏத்தி "எல்லாம் ஓகே"ன்னு காட்டினதோட சரி, திரும்ப ஆட்டோல போடவே இல்ல. போடாம விட்ட ஆள் நான்தான்.

கணக்கு பாருங்க. கிலோவாட்னா வேலை செய்யற பவர், கேவிஏஆர்னா வேலை செய்யாம வந்து போற பவர், ரெண்டும் சேர்ந்தது கேவிஏ, கிலோவாட்டை கேவிஏவால வகுத்தா பவர் ஃபேக்டர். டிரான்ஸ்ஃபார்மர் 1000 கேவிஏ, பேங்க் 50 கேவிஏஆர் வீதம் எட்டு ஸ்டெப், மொத்தம் 400. லீவுல ஓடினது யூபிஎஸ், எக்ஸாஸ்ட் ஃபேன் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்தற கருவி), கொஞ்சம் லைட்டுன்னு சுமார் 60 கிலோவாட், அதுங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு 20 கேவிஏஆர். கேப்பாசிட்டரே இல்லாம விட்டிருந்தா 400 வோல்ட்ல சுமார் 91 ஆம்பியர்தான் ஓடியிருக்கும். எட்டு ஸ்டெப்பும் உள்ள இருந்ததால 380 கேவிஏஆர் மிச்சம், அதனால இன்கமிங்ல, அதாவது கிரிட்ல இருந்து வர்ற மெயின் லைன்ல, ஓடினது 555 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.16 லீடிங். லீடிங்னா கேப்பாசிட்டர் பக்கம் கூடிப்போச்சு, மோட்டார் பக்கம் கூடினா லேகிங். ஆள் இல்லாத ஃபேக்டரியில ஆறு மடங்கு கரண்ட்!

"பவர் ஃபேக்டர் கம்மியா, கேப்பாசிட்டர் போடு" இதுதான் நம்ம எல்லாருக்கும் முதல்ல சொல்லிக்குடுத்த பாடம், எப்ப கழட்டணும்னு யாரும் சொல்லித்தரல. அதனால நான் செக் பண்ற வரிசையை அப்படியே எழுதுறேன். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், சிங்கப்பூர்ல வயரிங் வேலைக்கு லைசென்ஸ் உள்ள ஆள் வேணும், எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் 45 கேவிஏ வரைக்கும்தான், அதுக்கு மேல டெக்னீஷியன், இன்ஜினியர் லைசென்ஸ். இதைப் படிச்சுட்டு பேனலைத் தொறக்காதீங்க, உங்க எல்ஈடபிள்யூ (லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் ஆள்) கூட உக்காந்து பேசுறதுக்குப் படிங்க.

கைமாத்து கதை

மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் காந்தப்புலம் உண்டாக்க ஒரு கரண்ட் கேக்கும், கேட்டதை அரை நொடிகூட ஆகாம திருப்பிக் குடுத்துடும், நம்ம 50 ஹெர்ட்ஸ்ல இந்த வாங்கல் குடுக்கல் செகண்டுக்கு 100 தடவை நடக்குது. சுத்தமான கைமாத்து. இதுல வேலை எதுவும் நடக்கல, ஆனா கைமாத்து வந்து போற வழி பூரா கேபிள், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்துலயும் கரண்ட் ஓடி சூடாகுது. கேப்பாசிட்டர் என்ன பண்ணுதுன்னா பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி நின்னு "அவ்ளோ தூரம் போகாத, நான் தரேன்"னு அந்தக் கைமாத்தை இங்கேயே முடிச்சுவிடுது.

இப்ப மோட்டாரை ஆஃப் பண்ணிட்டீங்க. வாங்க ஆள் இல்ல. ஆனா கேப்பாசிட்டர் லைன்ல இருக்கிற வரைக்கும் அதுக்கு யார்கூடயாவது குடுத்து வாங்கியே ஆகணும், அப்ப அது நேரா கிரிட்டோட கைமாத்து போட ஆரம்பிக்கும். கேபிளுக்கு இது லேகிங்கா லீடிங்கான்னு ஒண்ணும் தெரியாது, 0.95 லேகிங்னாலும் 0.95 லீடிங்னாலும் அதே ஆம்பியர்தான். அதனால "லீடிங் தானே, நல்லதுதானே"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

கிரிட்டுக்கு நல்லதான்னா அதுவும் பெருசா இல்ல. சிங்கப்பூர்ல கேபிள் எல்லாம் மண்ணுக்கடியில போகுது, நீளமான கேபிளே ஒரு கேப்பாசிட்டர்தான், ராத்திரி லோடு இறங்குறப்ப கேபிள் நெட்வொர்க்லயே கேவிஏஆர் மிச்சமா கிடக்கும், அதை உறிஞ்சறதுக்குன்னே ஷன்ட் ரியாக்டர் வைப்பாங்க. அந்த நேரம் பார்த்து நாமளும் நம்ம பங்குக்குத் தள்ளினா ஏற்கனவே ஏறியிருக்கிற வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் ஏறும்.

முதல் வேலை: லீடிங்கா லேகிங்கான்னு கண்டுபிடி

சுலபமா தெரியும், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. மீட்டர்ல மைனஸ் போட்டு 0.82ன்னு காட்டும். சில மீட்டர்ல மைனஸ்னா லீடிங், சிலதுல மைனஸ்னா பவர் வெளிய போகுதுன்னு அர்த்தம், இன்னும் சிலதுல வேற மாதிரி. மேனுவல் படிங்க, இல்லன்னா நான் பண்றதைப் பண்ணுங்க.

இன்கமிங்ல கிளாம்ப் மீட்டரைப் போட்டு ஆம்பியரைப் பாருங்க. ரிலேல இருந்து ஒரே ஒரு ஸ்டெப்பை ஆஃப் பண்ணுங்க. ஆம்பியர் ஏறினா அந்த ஸ்டெப் உபயோகமா இருந்துச்சு. ஆம்பியர் இறங்கினா அந்த ஸ்டெப் அங்க இருக்கவே கூடாது, நீங்க ஓவர் கரெக்‌ஷன்ல இருக்கீங்க. அவ்ளோதான். எந்தக் குறியும் பார்க்க வேண்டாம், எந்த மேனுவலும் வேண்டாம், லோடு மட்டும் அந்த அரை நிமிஷம் மாறாம இருக்கணும். எனக்குத் தெரிஞ்ச டெஸ்ட்லயே இதுதான் ரொம்ப நேர்மையானது, மீட்டரைத் தப்பா வயர் பண்ணியிருந்தாலும் இது பொய் சொல்லாது.

ரெண்டாவது: ஞாயித்துக்கிழமை ராத்திரியைப் பாரு

பவர் ஃபேக்டர் ஸ்டடின்னு வர்றவங்க செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து, ஃபேக்டரி ஃபுல்லா ஓடுறப்ப ரீடிங் எடுத்து, அதுக்குக் கேப்பாசிட்டர் சைஸ் பண்ணிட்டு கோபி குடிச்சுட்டுப் போயிடுவாங்க. ஓவர் கரெக்‌ஷன் அந்த நேரத்துல தெரியவே தெரியாது, அது எல்லாரும் டார்மிட்டரிக்கு லாரி ஏறினப்புறம்தான் ஆரம்பிக்கும்.

லாகர் (ரீடிங்கைத் தொடர்ந்து பதியற கருவி) வெச்சா முழுசா ஏழு நாள் வைங்க, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா உள்ள வரணும். லாகர் இல்லன்னாலும் பெரிய கன்ஸ்யூமருக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு ரீடிங் மீட்டர்ல இருக்கும், அதை வாங்கி அதுல குறைஞ்ச கிலோவாட் எப்ப, அப்ப கேவிஏஆர் எவ்ளோன்னு பாருங்க. குறைஞ்ச லோடுதான் உங்க ஃபிக்ஸட் கேப்பாசிட்டரோட, அதாவது எப்பவும் ஆன்லயே இருக்கிறதோட எல்லை. அதிகபட்ச லோடு மொத்த பேங்க் சைஸை மட்டும் சொல்லும்.

ஒரு உதாரணம், சிங்கப்பூர்ல உபி பக்கம் ஒரு மாடி ஃபேக்டரி யூனிட்டுன்னு வெச்சுக்குங்க. பகல்ல 200 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.75, இதை 0.95க்குக் கொண்டு வரணும். ஃபார்முலா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், கிலோவாட்டை ரெண்டு பவர் ஃபேக்டர் கோணத்தோட டேன் மதிப்பு வித்தியாசத்தால பெருக்கணும். 0.75க்கு டேன் 0.88, 0.95க்கு 0.33, வித்தியாசம் 0.55, ஆக சுமார் 110 கேவிஏஆர். பகல்ல கரண்ட் 21 சதவீதம் குறையும், அருமை. அதை அப்படியே ஃபிக்ஸடா மாட்டிட்டா ராத்திரி என்ன ஆகும்? ராத்திரி லோடு 40 கிலோவாட், அதே 0.75ன்னா அதுக்கு வேண்டியது 35 கேவிஏஆர், மிச்சம் 75 லீடிங். கேப்பாசிட்டர் இல்லாம 77 ஆம்பியர் ஓடியிருக்கும், இப்ப 122. பவர் ஃபேக்டர் 0.47 லீடிங். இங்க ஃபிக்ஸடா 30 கேவிஏஆர், மிச்சம் ஆட்டோ ஸ்டெப்புன்னு பிரிச்சிருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல.

0.95ல நிறுத்தாம 1.00க்குப் போகலாமான்னு ஓனர்கள் கேப்பாங்க. அதுக்கு இன்னும் 66 கேவிஏஆர் வேணும், கிடைக்கிறது அஞ்சே சதவீதம் கரண்ட் குறைவு. முதல் 110க்கு 21 சதவீதம் கிடைச்சதை நினைச்சுப் பாருங்க. இங்க சப்ளை கண்டிஷன் கேக்கறது 0.85 லேகிங்குக்குக் கீழ போகக் கூடாதுன்னுதான், உயர் அழுத்த சப்ளை வாங்கறவங்க பில்லுல ரியாக்டிவ் சார்ஜ்னு தனி வரி வரும், அந்த வரி சைபர் ஆனப்புறம் மேல மேல கேப்பாசிட்டர் போட்டா பில்லுல அதுக்கு மேல குறைய ஒண்ணும் இல்ல. ஊர்ல மில்லு வெச்சிருக்கிற சொந்தக்காரங்க கணக்கை இங்க கொண்டு வராதீங்க, இந்தியாவுல மகாராஷ்டிரா மாதிரி சில மாநிலங்கள்ல கேவிஏஹெச் கணக்குல (கிலோவாட்டுக்குப் பதிலா கேவிஏவை வெச்சு) பில் போடறாங்க, அங்க லீடிங்கும் காசு, அது வேற விளையாட்டு.

மூணாவது: கேப்பாசிட்டரால தீர்க்கிற வியாதிதானா?

இதுல சுருக்கமா சொல்லிடறேன். பவர் ஃபேக்டர்ல ரெண்டு இருக்கு. ஒண்ணு வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் நடுவுல இருக்கிற கோணம், இன்னொண்ணு ஹார்மோனிக்ஸால (50 ஹெர்ட்ஸோட மடங்குகள்ல வர்ற கரண்ட்) கரண்டோட வடிவமே கெட்டுப்போறது. கேப்பாசிட்டர் முதலாவதைத்தான் சரி பண்ணும். டிரைவ், யூபிஎஸ், எல்ஈடி இருக்கிற இடத்துல மீட்டர் மொத்த பவர் ஃபேக்டர் 0.80ன்னு காட்டும், ஆனா காஸ் ஃபை, அதாவது கோணத்தோட பவர் ஃபேக்டர் மட்டும், தனியா பார்த்தா 0.98 இருக்கும். அங்க கேப்பாசிட்டர் போட்டா 0.80 ஏறாது, காஸ் ஃபை லீடிங் பக்கம் போயிடும், கூடவே ஹார்மோனிக்ஸ் பெருசாகும். மீட்டர்ல ரெண்டையும் தனித்தனியா பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி பெருசா இருந்தா தேவை ஃபில்டர். பழைய ஃப்ளூரசென்ட் லைட்டை எல்லாம் எல்ஈடியா மாத்தின பில்டிங்ல பழைய பேங்க் அப்படியே இருக்கும் பாருங்க, ஓவர் கரெக்‌ஷன் தேடறவங்க முதல்ல அங்கதான் போகணும்.

நாலாவது: ரெசனன்ஸ், அதாவது அந்த நாலு டப்பா ஏன் உப்பினுச்சு

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. கரண்ட் ஆறு மடங்கு ஆனது டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு பொருட்டே இல்ல, 1000 கேவிஏக்கு 1443 ஆம்பியர் தாங்கும். கேப்பாசிட்டரும் அதோட சொந்த ரேட்டட் கரண்ட்டைத்தான் எடுக்கணும். அப்ப ஏன் வெந்துச்சு?

வோல்டேஜ்ல ஆரம்பிப்போம். கேப்பாசிட்டர் போட்டா வோல்டேஜ் எவ்ளோ ஏறும்னு ஒரு மனக்கணக்கு இருக்கு, கேவிஏஆரை டிரான்ஸ்ஃபார்மரோட இம்பீடன்ஸ் சதவீதத்தால பெருக்கி கேவிஏவால வகுங்க. 400 பெருக்கல் 5, வகுத்தல் 1000, ரெண்டு சதவீதம். 400ல 8 வோல்ட். பகல்ல லோடு கீழ இழுக்கறதைச் சரிக்கட்ட டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (வோல்டேஜ் செட்டிங்கை) தூக்கி வெச்சிருப்பாங்க, லீவுல அந்த இழுப்பும் இல்ல, கிரிட்டும் ராத்திரில மேல இருக்கும், எல்லாம் சேர்ந்தா இங்க சொல்ற பிளஸ் ஆறு சதவீதம், அதாவது 424 வோல்ட்டை ஈசியா தொட்டுடும். கேப்பாசிட்டரோட கேவிஏஆர் வோல்டேஜோட ஸ்கொயர்ல ஏறும், ஆறு சதவீத வோல்டேஜுக்கு 12 சதவீத கேவிஏஆர். அது திரும்ப வோல்டேஜை ஏத்தும். இது மட்டும்னா டப்பா தாங்கியிருக்கும், யூபிஎஸ் மட்டும் கத்தியிருக்கும்.

உண்மையான வில்லன் ஹார்மோனிக்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு இண்டக்டன்ஸ், பேங்க் ஒரு கேப்பாசிடன்ஸ், ரெண்டும் சேர்ந்தா ஊஞ்சல் மாதிரி ஒரு சொந்த தாளம் உண்டு, அந்தத் தாளத்துல யாராச்சும் லேசா தள்ளினாலே போதும் பெருசா ஆடும். தாளம் எதுன்னு கண்டுபிடிக்க, டிரான்ஸ்ஃபார்மரோட ஷார்ட் சர்க்யூட் கேவிஏவை பேங்க் கேவிஏஆரால வகுத்து ஸ்கொயர் ரூட் எடுங்க. 1000 கேவிஏ, 5 சதவீதம்னா ஷார்ட் சர்க்யூட் 20,000. அதை 400ஆல வகுத்தா 50, ரூட் 7.07. ஏழாவது ஹார்மோனிக், 350 ஹெர்ட்ஸ். டிரைவும் யூபிஎஸ்ஸும் அள்ளிக்கொட்டறது எது? அஞ்சும் ஏழும். லீவுல ஓடிட்டிருந்தது எது? டிரைவும் யூபிஎஸ்ஸும் மட்டும். சரியா ஊஞ்சலுக்குப் பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டே இருந்திருக்கு நாலு நாளும்.

இன்னொண்ணு கவனிங்க. பகல்ல இதே 400 உள்ள இருந்தாலும் அவ்ளோ ஆட்டம் வராது, ஹீட்டர், மெஷின்னு மத்த லோடெல்லாம் ஊஞ்சலைப் பிடிச்சு நிறுத்தற கை மாதிரி, அந்த ஆட்டத்தை உறிஞ்சிடும். லோடு இல்லாதப்ப பிடிக்க ஆளே இல்ல. அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், லோடு இல்லாததாலதான் வெந்துச்சு.

ஒவ்வொரு ஸ்டெப் எண்ணிக்கைக்கும் இந்தக் கணக்கை ஒரு தாள்ல போட்டு பேனல் கதவு உள்பக்கம் ஒட்டுங்க. எங்க பேங்க்ல 150 கேவிஏஆர்னா 11.5, 200னா 10, 300னா 8.2, 400னா 7.1. அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு பக்கத்துல எந்தக் காம்பினேஷன் வருதோ அது ஆபத்து. டிரைவ் நிறைய இருக்கிற இடத்துல வெறும் கேப்பாசிட்டர் வேண்டாம், டீட்யூன்டு ரியாக்டர் (அந்தத் தாளத்தைக் கீழ இறக்குற காயில்) போட்டதா வாங்குங்க. 7 சதவீத ரியாக்டர்னா தாளம் 189 ஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்கிடும், அஞ்சாவது ஹார்மோனிக் 250, தொடாது. ஆனா ரியாக்டர் கூட இருந்தா கேப்பாசிட்டர் மேல வோல்டேஜ் ஏறும், 400 லைன்ல 430 உக்காரும். அதனாலதான் அதுல 480 இல்ல 525 வோல்ட் டப்பா இருக்கும். ஸ்டோர்ல 440 வோல்ட் டப்பா கிடக்குதேன்னு அதுல மாட்டிடாதீங்க தம்பிகளா, ரொம்ப நாள் தாங்காது. பாதி ஸ்டெப் ரியாக்டரோட, பாதி ரியாக்டர் இல்லாமன்னு கலக்கறதும் கூடாது.

செக் பண்றது ஈசி, ஒவ்வொரு ஸ்டெப்லயும் ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் (வடிவம் கெட்ட கரண்டையும் சரியா அளக்கிறது) போடுங்க. 50 கேவிஏஆர் ஸ்டெப் 400 வோல்ட்ல 72 ஆம்பியர் எடுக்கணும். ஐஇசி 60831ங்கற சர்வதேச ஸ்டாண்டர்டு படி டப்பா தாங்க வேண்டிய எல்லை 1.3 மடங்கு, அதாவது 94. அதுக்குப் பக்கத்துல போனா ஹார்மோனிக்ஸ் உள்ள புகுந்திருக்கு. 50 ஆம்பியர்தான் காட்டுதுன்னா டப்பா கிழடாயிடுச்சு, நம்ம ஊர் வெக்கைல காத்தோட்டம் இல்லாத பேனல்னா சீக்கிரமே கிழடாகும், ஃபேன் ஃபில்டரை யாரும் கழுவறதே இல்ல.

அஞ்சாவது: மோட்டார்ல நேரடியா கட்டின கேப்பாசிட்டர்

பம்ப், ஃபேன் மோட்டார் டெர்மினல்லயே கேப்பாசிட்டரைக் கட்டறது பழைய வழக்கம். மோட்டார் ஆன் ஆனா இதுவும் ஆன், ஆஃப்னா ஆஃப், நல்ல ஐடியாதான். சைஸ் பெருசாப் போனா என்ன ஆகும்னா, கான்டாக்டரை ஆஃப் பண்ணினப்புறமும் மோட்டார் சுத்திக்கிட்டே இருக்கும் இல்லையா, அந்தச் சுத்தற மோட்டாருக்குக் காந்தக் கரண்டை கேப்பாசிட்டர் குடுக்கும், மோட்டார் ஜெனரேட்டரா மாறிடும். டெர்மினல்ல ரேட்டட் வோல்டேஜுக்கு மேலயே வரலாம். ஆஃப் பண்ணிட்டோம்னு நெனச்சு டெர்மினல் பாக்ஸைத் தொறக்கறவன் கதி? பெரிய ஃபேன் நின்னு முடிக்கவே பல நிமிஷம் ஆகும். அந்த நிலைல யாராச்சும் திரும்ப ஸ்டார்ட் அடிச்சா ரெண்டு வோல்டேஜும் எதிரும் புதிருமா மோதி ஷாஃப்ட், கப்ளிங் எல்லாம் ஒரு குலுக்கு குலுக்கும்.

கணக்கு ஒண்ணே ஒண்ணு, மோட்டாரோட நோ லோடு கேவிஏஆர்ல 90 சதவீதத்துக்கு மேல போகாதீங்க. 30 கிலோவாட் மோட்டார் நோ லோடுல 20 ஆம்பியர் எடுத்தா அது 13.9 கேவிஏஆர், 90 சதவீதம் 12.5, நான் 10 போடுவேன். ஃபுல் லோடு பவர் ஃபேக்டரை வெச்சு சைஸ் பண்றதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. ஸ்டார் டெல்டா, டிரைவ், சாஃப்ட் ஸ்டார்ட்டர் எதுக்கும் மோட்டார் பக்கத்துல கேப்பாசிட்டர் கட்டவே கூடாது, டிரைவ் அவுட்புட்ல கட்டினா டிரைவ்தான் போகும். கேப்பாசிட்டரை ஓவர்லோடு ரிலேக்குக் கீழ கட்டியிருந்தா ஓவர்லோடு பார்க்கிற கரண்ட் குறைஞ்சிடும், செட்டிங்கையும் கீழ இறக்கணும், இல்லன்னா மோட்டார் எரியறப்ப அது வேடிக்கை பார்க்கும்.

ஆறாவது: ஜென்செட்

எனக்கு இதுலதான் ரொம்ப பயம். கிரிட் பெருசு, நம்ம 380 கேவிஏஆரை முழுங்கிட்டு சும்மா இருக்கும். ஸ்டாண்ட்பை ஜென்செட் அப்படி இல்ல. லீடிங் லோடு வந்தா ஆல்டர்னேட்டருக்குள்ள இருக்கிற காந்தப்புலத்துக்கு வெளியில இருந்தே உதவி கிடைக்கிற மாதிரி, வோல்டேஜ் ஏறும், ஏவிஆர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தறது) எக்சைட்டேஷனை, அதாவது காந்தப்புலத்துக்குக் குடுக்கிற கரண்டைக் குறைக்கும், இன்னும் ஏறும், இன்னும் குறைக்கும், கடைசில குறைக்க ஒண்ணுமில்லாமப் போய் கன்ட்ரோல் கைவிட்டுப் போயிடும். அப்புறம் ஓவர்வோல்டேஜ் ட்ரிப், அதுவும் கரன்ட் போன நேரத்துல, தேவைப்பட்ட நேரத்துல.

கரன்ட் போனா கேப்பாசிட்டர் பேங்க் தானா கழண்டுக்கணும், ஜென்செட் பிரேக்கர் உள்ள இருக்கிற வரைக்கும் உள்ள வரக் கூடாது. ஏடிஎஸ்ல (கிரிட்ல இருந்து ஜென்செட்டுக்கு தானா மாத்தற ஸ்விட்ச்) இருந்து ஒரு ஆக்சிலரி கான்டாக்ட் எடுத்து ரிலே கன்ட்ரோல் சப்ளையை வெட்டினா போதும், சின்ன வேலை. மாசாந்திர டெஸ்ட்ல இன்ஜினை மட்டும் காலியா ஓட்டிட்டு டிக் போட்டா இது வெளியே வராது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பில்டிங் லோடை ஏத்திப் பாருங்க. டேட்டா சென்டர் வேலை செய்யறவங்க கவனிக்க வேண்டியது, பழைய யூபிஎஸ் இன்புட் ஃபில்டர்லயே கேப்பாசிட்டர் இருக்கும், யூபிஎஸ் லோடு கம்மியா இருந்தா அதுவே லீடிங்தான், பேங்க் இல்லாமலேயே.

ஏழாவது: ரிலே செட்டிங்

தாளம், மோட்டார், ஜென்செட்னு பெரிய பெரிய விஷயம் பேசினாலும் பத்துல எட்டு தடவை நான் சைட்டுல பார்க்கிறது ரிலேலயும் அதுக்குக் கரண்டை அளந்து சொல்ற சிடிலயும் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இருக்கிற சின்னத் தப்புதான்.

சிடி எங்க இருக்கு? லோடுக்கும் பேங்குக்கும் ரெண்டுக்கும் மேல, இன்கமிங்ல இருக்கணும். லோடு பக்கம் மட்டும் இருந்தா ரிலேக்கு தான் போட்ட கேப்பாசிட்டரே தெரியாது, இன்னும் லேகிங், இன்னும் லேகிங்னு கடைசி ஸ்டெப் வரைக்கும் ஏத்தும். சிடி தலைகீழா இருந்தாலோ, சிடி இருக்கிற ஃபேஸ் ஒண்ணு ரிலே வோல்டேஜ் எடுக்கிற ஃபேஸ் வேறன்னு குழம்பியிருந்தாலோ இதே கதை. ஸ்டெப் ஏத்தினா டிஸ்ப்ளேல பவர் ஃபேக்டர் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்து, முதல்ல சொன்ன கிளாம்ப் டெஸ்ட்டோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, ஒத்துப்போகலன்னா ரிலே பொய் சொல்லுது.

டார்கெட் 1.00 வைக்காதீங்க, 0.95ல இருந்து 0.97 லேகிங் போதும். சி பை கேன்னு ஒரு செட்டிங் இருக்கும், எவ்ளோ கேவிஏஆர் பத்தலன்னா அடுத்த ஸ்டெப்பை ஏத்தணும்னு சொல்றது. 50 கேவிஏஆர் ஸ்டெப்போட 72 ஆம்பியரை 1500க்கு 5 சிடியோட ரேஷியோ 300ஆல வகுத்தா 0.24, அதுல மூணுல ரெண்டு பங்கு, 0.16 வைங்க. ரொம்பக் கம்மியா வெச்சா ஸ்டெப் ஏறும், லீடிங் ஆகும், இறங்கும், லேகிங் ஆகும், திரும்ப ஏறும், ராத்திரி பூரா டக்கு டக்குன்னு கான்டாக்டர் அடிச்சுக்கிட்டே கிடக்கும். குறைஞ்ச லோடுக்கு 50 கேவிஏஆர் ஸ்டெப்பே பெருசு, ஒரு 12.5, ஒரு 25ன்னு சின்னது ரெண்டு இருந்தா நல்லது.

அடிச்சு அடிச்சு கான்டாக்டர் ஒட்டிக்கும். ரிலே டிஸ்ப்ளேல ஸ்டெப் 3 ஆஃப்னு காட்டும், கேப்பாசிட்டர் உள்ளதான் இருக்கும். எல்லா ஸ்டெப்பையும் ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு ஸ்டெப் கேபிள்லயும் கிளாம்ப் போட்டா மாட்டிக்கும். மாத்தறப்ப கேப்பாசிட்டர் டியூட்டி கான்டாக்டரா பார்த்து வாங்குங்க, ப்ரீ சார்ஜ் ரெசிஸ்டர் இருக்கிறது, சாதா மோட்டார் கான்டாக்டர் இன்ரஷ்ல ஒட்டிக்கும். ஒரு தடவை இறங்கின ஸ்டெப்பைத் திரும்ப ஏத்த குறைஞ்சது ஒரு நிமிஷம் டிலே, டப்பா டிஸ்சார்ஜ் ஆகணும்.

தொடறதுக்கு முன்னாடி: ஐஇசி கணக்குப்படியே டப்பா 75 வோல்ட்டுக்கு இறங்க மூணு நிமிஷம் வரை ஆகலாம், அதுவும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் நல்லா இருந்தா. நான் அஞ்சு நிமிஷம் நிப்பேன், லாக் போட்டு டேக் மாட்டி, டெர்மினல்ல மீட்டர் வெச்சுப் பார்த்து, ஷார்ட் பண்ணி எர்த் பண்ணினப்புறம்தான் கை வைப்பேன். உப்பின டப்பாவை நம்பவே கூடாது, உள்ள ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம்.

சோலார் போட்டிருந்தா ஒரு வார்த்தை

கூரைல சோலார் வந்தப்புறம் பவர் ஃபேக்டர் திடீர்னு விழுந்துடுச்சுன்னு சொல்றாங்க. விழல. சோலார் கிலோவாட்டைக் குடுத்துடுது, கேவிஏஆர் மட்டும் கிரிட்ல இருந்து வருது, அதனால இன்கமிங்ல ரேஷியோ மோசமாத் தெரியும். 200 கிலோவாட்ல 150ஐ சோலார் குடுத்தா மிச்சம் 50, கேவிஏஆர் பழையபடி 66னா மீட்டர் 0.60 காட்டும். பயந்து கேப்பாசிட்டர் சேர்த்தா ராத்திரி லோடு இறங்கினப்புறம் அது மிச்சமாகும். முதல்ல இன்வர்ட்டர்லயே கேவிஏஆர் குடுக்கற செட்டிங் இருக்கான்னு பாருங்க, நிறைய மாடல்ல இருக்கு. பவர் வெளிய போற நேரம் உண்டுன்னா ரிலேயும் நாலு குவாட்ரன்ட், அதாவது பவர் உள்ள வர்றது வெளிய போறது ரெண்டையும் பார்க்கிற மாடலா இருக்கணும்.

எல்லா ஸ்டெப்பும் ஆஃப், இருந்தும் லீடிங்னா? எல்ஈடி, சர்வர், நீள கேபிள்னு லோடே லீடிங்கா இருக்கு. கழட்ட கேப்பாசிட்டர் இல்ல, அப்ப ஸ்டாட்டிக் வார் ஜெனரேட்டர் பக்கம் போகணும், ரெண்டு பக்கமும் கேவிஏஆர் குடுக்கும், வாங்கும், ஸ்டெப் கிடையாது. விலை கொஞ்சம் கூட. அளவு சின்னதா இருந்தா நான் விட்டுடச் சொல்லுவேன், 10 கேவிஏஆர் லீடிங்குக்காக ஒரு மெஷின் வாங்கறது கொசுவுக்குப் பீரங்கி.

எங்க துவாஸ் பேங்க்ல இப்ப 7 சதவீத ரியாக்டர் போட்டாச்சு, டப்பா எல்லாம் 525, கடைசி 50ஐப் பிரிச்சு ரெண்டு 25 ஆக்கியாச்சு. ரிலே பக்கத்துல ஒரு சின்ன ஒயிட்போர்டு தொங்குது, மேனுவல்ல போடறவங்க பேர், தேதி, நேரம் எழுதிட்டுத்தான் போடணும், ஆட்டோக்கு மாத்தினா அழிக்கணும். முதல் வரியில என் பேரை அண்ணன் பெர்மனன்ட் மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கார், அது அழியாது.